கடைக்கால் தோண்டும் வேளையில்

வீடு கட்டுவது நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வாய்க்கும் பேறு. பல ஆண்டுச் சேமிப்பும், வங்கிக் கடனும், இல்லத்தரசியின் நகைகளும் ஒன்றுசேர்ந்து ஒரு சிறு மனையில் சுவராக எழுகின்றன. நல்ல நாள் பார்த்து, பங்குத் தந்தையை அழைத்து, அடிக்கல்லை மந்திரிக்கச் செய்கிறோம். கொத்தனார் நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு இட்டு, வானம் தோண்டத் தொடங்குகிறார். மண் வெளியே குவிகிறது. ஓரிரு நாள்களில் அந்தப் பள்ளத்தில் கல்லும் கலவையும் நிறைந்துவிடுகின்றன. அதன்பின் நம் கண்கள் மேல்நோக்கியே இருக்கின்றன: நிலைவாசல் எப்போது வைப்பது, கான்கிரீட் தளம் எப்போது போடுவது என்பதே பேச்சாகிறது. தோண்டிய மண் எதைச் சொல்லிற்று என்று கேட்பதற்கு நமக்கு நேரமில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஆமத்தூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் நினைத்துக்கொள்வோம். கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த புன்செய்க் காடுகள் இன்று மனைகளாகக் கல் நடப்பட்டு வருகின்றன. கரிசலில் வீடு கட்டுவது எளிதன்று என்பதை இப்பகுதி மக்கள் அறிவர். மழைக்காலத்தில் இம்மண் நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மேலோட்டமாகக் கடைக்கால் இட்ட சுவர் நெடுநாள் நில்லாது, விரிசல் கண்டுவிடும். ஆதலால் கரிசலைக் கடந்து கெட்டித் தரை தட்டுப்படும்வரை தோண்டும்படி கொத்தனார்கள் சொல்வர். அவர்கள் சொல்வது கட்டடத்தின் உறுதிக்காக. ஆனால் வேறொரு வகையிலும் அது பொருள் பொதிந்தது. மண்ணின் ஆழம் என்பது காலத்தின் ஆழமும் ஆகும். கரிசலில் வீடு கட்டுபவர் தம்மையறியாமலேயே நெடுங்காலத்துக்குள் இறங்குகிறார்.

அந்தக் காலம் வெறுமையானது அன்று என்பதற்கு இதே மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டை சான்று பகர்கிறது. அங்கு விஜயகரிசல்குளத்தில் மேட்டுக்காடு என்று வழங்கும் மண்மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 ஆம் ஆண்டுகளிலும் அடுத்தடுத்த கட்டங்கள் தொடர்ந்தன. அறுத்த சங்கு வளையல் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் விளையாட்டுப் பொருள்கள், நுண்கற்கருவிகள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. கடலுக்கு வெகு தொலைவில் உள்ள இந்தக் கரிசல் நிலத்தில் சங்கு அறுத்து வளையல் செய்த கைகள் இருந்தன என்பதை உழவர் ஏர் ஓட்டிய அந்த மேடு இத்தனை காலமும் மறைத்து வைத்திருந்தது.

வெம்பக்கோட்டையில் அறிஞர்கள் திட்டமிட்டுத் தோண்டினர். ஆனால் எல்லா ஊரிலும் அறிஞர்கள் தோண்டப் போவதில்லை. நம் மண்ணைத் தோண்டுவோரில் மிகப் பெரும்பாலோர் வீடு கட்டுவோரும் கிணறு வெட்டுவோருமே. அப்படியாயின் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பழமையை அறிந்த கண் ஒன்று அருகில் நின்று பார்க்க வேண்டும் என்னும் கருத்து பொருளற்றதா? உலகின் பல நாடுகளில் அது நடைமுறையாகவே இருக்கிறது. கட்டுமானக் காலத் தொல்லியல் கண்காணிப்பு என்று அதனை அழைக்கலாம். அதன் தேவையை உணரத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் திருச்சபையின் வரலாற்றிலேயே அதற்குரிய பாடங்கள் உள்ளன.

பரங்கிமலையில் கிடைத்த சிலுவை

சென்னைப் பரங்கிமலையின் உச்சியில் உள்ள அன்னையின் ஆலயத்துக்குச் செல்வோர், பீடத்தில் பதித்திருக்கும் பழமையான கற்சிலுவையை வணங்கித் திரும்புகின்றனர். அது எவ்வாறு கிடைத்தது? 1547ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அம்மலையின்மீது சிற்றாலயம் ஒன்று கட்டுவதற்காகக் கடைக்கால் தோண்டினர். அப்போது வெளிப்பட்டதே அக்கல். புடைப்பாகச் செதுக்கிய சிலுவையும், அதனைச் சூழ்ந்து வளைவாகச் செல்லும் எழுத்துகளும் அதில் இருந்தன. அந்த எழுத்துகள் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் பர்னல் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். இதனையொத்த சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் முதலிய இடங்களிலும் உள்ளன.

தமிழகத்தில் கிறிஸ்தவத்தின் தொன்மையைப் பேசும் எவரும் இச்சிலுவையைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஆயினும் அதன் காலம் எது என்று கேட்டால் விடை ஒன்றாக வருவதில்லை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலங்களை அறிஞர்கள் சொல்லியிருக்கின்றனர். அந்த வாசகத்தின் பொருளிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஏன் இந்த ஐயம்? கல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது கிடந்த இடம் நம்மிடம் இல்லை. எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, நின்ற நிலையிலா கவிழ்ந்த நிலையிலா, அருகில் செங்கற்சுவர் இருந்ததா, கரி இருந்ததா, பானை ஓடுகள் இருந்தனவா என்பவற்றையெல்லாம் அளந்து வரைந்து வைக்கும் கலை அன்று உலகில் எங்குமே பிறக்கவில்லை. எனவே 1547ஆம் ஆண்டில் தோண்டியவர்களைக் குறைகூற இடமில்லை. அவர்கள் கல்லைப் போற்றிப் பாதுகாத்ததே பெரிது. ஆனால் இன்று அந்தக் கலை பிறந்துவிட்டது. இனி அதே இழப்பு நேருமாயின் அதற்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் இல்லை.

அரிக்கமேட்டின் பாடம்

பொருளைவிடப் பொருள் கிடந்த இடமே பெரிய சாட்சி என்பதைத் தென்னிந்தியாவுக்கு உணர்த்திய இடம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. அந்த மேட்டிலும் திருச்சபையின் சுவடு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புக் குருக்கள் வீராம்பட்டினம் பகுதியில் குருமடம் நடத்தினர். பிற்காலத்தில் ஆயரான பிக்னோ தெ பெகேன் அங்குப் பணியாற்றியவர். அக்காலத்து மறைபரப்பு இல்லம் ஒன்றின் இடிபாடுகள் இன்றும் அம்மேட்டில் நிற்கின்றன. அந்த இல்லத்தின் காலடியில் 1700 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை கொண்ட துறைமுகப்பட்டினம் உறங்கிக்கொண்டிருந்தது.

1937இல் பிரெஞ்சு அறிஞர் ஜுவோ துப்ரேய் உருவம் செதுக்கிய மணி ஒன்று அங்குக் கிடைத்திருப்பதைக் கண்டு அவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். 1940களின் தொடக்கத்தில் அருட்தந்தை ஃபோஷே, சுர்லோ ஆகியோர் அங்குத் தோண்டி ஏராளமான பொருள்களை வெளிக்கொணர்ந்தனர். அந்தக் குருவின் ஆர்வம் போற்றுதற்குரியது. எனினும் பொருள்கள் குவிந்த அளவுக்குக் காலம் தெளிவாகவில்லை. 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் அங்கு வந்து, மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் செய்யப்பட்ட சிவப்பு மட்கலத் துண்டுகள் எந்த அடுக்கில் கிடக்கின்றன, நம் நாட்டு மட்கலங்கள் எந்த அடுக்கில் கிடக்கின்றன என்பதைக் குறித்தார். இத்தாலியக் கலத்தின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது என்பது முன்பே தெரியும். அதனோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் நாட்டுக் கலங்களுக்கும் அதனால் காலம் கிடைத்தது. அதே வகைக் கலங்கள் வேறு ஊர்களில் கிடைத்தபோது அந்த ஊர்களுக்கும் காலம் கிடைத்தது. ஒரு பள்ளத்தின் அடுக்குகளைச் செவ்வனே குறித்ததால் தென்னாட்டின் பழைய வரலாறு முழுவதற்கும் ஒரு கால அளவுகோல் அமைந்தது.

வீலர் சொன்னதே முடிந்த முடிபு என்பதும் அன்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் ஆராய்ந்தபோது, அப்பட்டினத்தின் வாழ்வு வீலர் எண்ணியதைவிட முன்பே தொடங்கி நெடுங்காலம் நீடித்தது எனத் தெரிந்தது. முன்னவர் தம் பள்ளங்களை வரைந்து வெளியிட்டிருந்ததால்தான் பின்னவரால் அவற்றைத் திருத்திப் படிக்க முடிந்தது. குறித்து வைத்த பிழையைத் திருத்தலாம். குறிக்காமல் விட்டதைத் திருத்த வழியே இல்லை. அதே மேட்டில் புதிய கட்டடங்களுக்காகப் பழைய சுவர்களின் செங்கற்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றவர்களும் இருந்தனர். அவர்கள் விட்டுச்சென்றவை வெறும் பள்ளங்களே.

பேதுருவின் கல்லறையில்

இடத்தை இழப்பதன் வேதனையை உலகத் திருச்சபை தன் இதயத்திலேயே உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1939இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இறந்தபின், அவருடைய கல்லறைக்காகப் புனித பேதுரு பேராலயத்தின் நிலவறையில் தோண்டினர். பழங்காலக் கல்லறை மாடங்களின் சுவர்கள் தென்பட்டன. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அகழ்வுக்கு இசைவளித்தார். 1940 முதல் 1949 வரை, மேலே வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே, கீழே அறிஞர்கள் பணியாற்றினர். இரு பக்கமும் கல்லறை வீடுகள் நிறைந்த தெருவொன்று வெளிப்பட்டது. உயர்பீடத்துக்கு நேர் கீழே, தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் பேதுருவின் நினைவாகப் போற்றிய சிறு நினைவுச் சின்னம் இருந்தது. 1950 டிசம்பரில் பேதுருவின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதாகத் திருத்தந்தை அறிவித்தார். ஆயினும் அருகில் கிடைத்த எலும்புகள் அத்திருத்தூதருடையவை என உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் அவர் நேர்மையோடு தெரிவித்தார்.

இதற்கிடையே ஒன்று நடந்திருந்தது. பேராலயப் பொறுப்பாளரான லுட்விக் காஸ் பக்தி மிக்க குரு. இறந்தோரின் எலும்புகள் சிதறிக் கிடப்பதை அவர் மனம் பொறுக்கவில்லை. கிறுக்கல் எழுத்துகள் நிறைந்த சுவரில் இருந்த பளிங்குப் பேழையின் உள்ளே கிடந்தவற்றை அகழ்வாளர்களிடம் சொல்லாமலே எடுத்து, மரப்பெட்டியில் இட்டுப் பத்திரப்படுத்தினார். அகழ்வாளர்கள் பின்னர் அப்பேழையைப் பார்த்தபோது அது ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. அவருடைய மறைவுக்குப்பின், 1953இல், கல்வெட்டறிஞர் மார்கரித்தா குவார்தூச்சி அப்பெட்டியைப்பற்றிப் பேராலயப் பணியாளர் ஒருவர் வாயிலாக அறிந்தார். ஆய்வுகள் நடந்தன. 1968 ஜூன் 26 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல், ஏற்கத்தக்க வகையில் பேதுருவின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டுள்ளன என்று அறிவித்தார். ஆனால் அகழ்வில் தொடக்கம் முதல் பங்கேற்ற இயேசு சபைக் குரு அந்தோனியோ ஃபெருவா அம்முடிவை ஏற்கத் தயங்கினார். பெட்டிக்குள் இருப்பவை அப்பேழையிலிருந்தே எடுக்கப்பட்டவையா என்பதற்கு ஒரு பணியாளரின் நினைவன்றி வேறு சான்று இல்லையே என்பதே ஐயத்தின் வேர்.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டும். காஸ் எதையும் திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை. மரியாதையோடுதான் எடுத்து வைத்தார். ஆயினும் எடுத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படம் பிடித்து வைக்காததால், உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர் அறிய விழைந்த ஒரு செய்தியின்மீது நீங்காத ஐயம் படிந்துவிட்டது. நம் வீட்டுப் பள்ளத்தில் கிடைத்த பானையை அழகாகக் கழுவி அலமாரியில் வைப்பவரும் இதையேதான் செய்கிறார். அவருடைய அன்பு மெய்யானது. ஆனால் பானை ஊமையாகிவிடுகிறது.

கலிலேயாவில் இரு கட்டடங்கள்

தோண்டுமுன் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் நாடுகளில் நிலைமை வேறு. இஸ்ரயேலில் தொன்மை வாய்ந்த இடமாகக் குறிக்கப்பட்ட மனையில் கட்ட விரும்புவோர் முதலில் தொல்லியல் துறையின் ஆய்வுக்கு இடம்தர வேண்டும். 2009இல் நாசரேத்தில், மங்கள வார்த்தைப் பேராலயத்தின் அருகே, அன்னை மரியாவின் பெயரால் ஒரு மையம் கட்டும் பணி நடந்தது. கட்டுமானத்தை ஒட்டி அங்கு ஆய்வு செய்த யர்தேனா அலெக்சாந்த்ரே என்னும் அறிஞர், இயேசு வாழ்ந்த காலத்தைச் சேர்ந்த எளிய வீடொன்றின் சுவர்களைக் கண்டார். இரு அறைகளும் முற்றமும், மழைநீர் சேமிக்கும் தொட்டியும், சில பானை ஓடுகளுமே அங்கு இருந்தவை. தங்கமோ வெள்ளியோ இல்லை. ஆயினும் நாசரேத்தில் அக்காலத்து வீடு ஒன்று வெளிப்பட்டது அதுவே முதல்முறை என்று அறிவித்தனர். யாருடைய வீடு என்று அறிஞர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்தச் சிற்றூரில் எளிய மக்கள் எத்தகைய சுவர்களுக்குள் வாழ்ந்தனர் என்பதை மட்டும் அது காட்டிற்று. நற்செய்தியை வாசிப்போர்க்கு அதுவே போதுமானது. அச்சுவர்கள் புதிய மையத்துக்குள்ளேயே பேணப்பட்டுள்ளன.

அதே 2009இல் கலிலேயக் கடற்கரையில் உள்ள மக்தலாவில், அருட்தந்தை ஹுவான் சோலானா திருப்பயணியர்க்காக விடுதி கட்ட நிலம் ஏற்பாடு செய்திருந்தார். சட்டப்படி நடந்த முன்னாய்வில் முதல் நூற்றாண்டுத் தொழுகைக் கூடமும், ஏழு கிளை விளக்குத் தண்டு செதுக்கிய கல்லும் வெளிவந்தன. எருசலேம் கோவில் அழியுமுன் இருந்த தொழுகைக் கூடங்கள் மிகச் சிலவே நமக்குத் தெரியும்; அவற்றுள் இதுவும் ஒன்று. விடுதியின் திட்டம் மாற்றப்பட்டது. காலமும் பணமும் செலவாயின. ஆனால் கட்டடம் கைவிடப்படவில்லை, வரலாறும் கைவிடப்படவில்லை. இரண்டும் ஒரே நிலத்தில் நிற்க முடியும் என்பதற்கு இவ்விரு இடங்களும் எடுத்துக்காட்டு.

அருகில் நிற்கும் கண்

இவையெல்லாம் புனித பூமியின் செய்திகள். ஒரு சாதாரண வீட்டுக்கு இவை பொருந்துமா என்று கேட்கலாம். இங்கிலாந்தின் நடைமுறை அதற்கு விடை தரும். 1990 நவம்பரில் அங்கு வெளியான அரசு நெறிமுறை ஒன்று, கட்டட அனுமதியோடு தொல்லியலையும் இணைத்தது. பின்னர் நெறிமுறையின் பெயர் மாறினாலும் கொள்கை தொடர்கிறது. பழமை இருக்கக்கூடும் என்று கருதப்படும் இடத்தில் ஒரே ஒரு வீடு கட்டுபவருக்கும், கடைக்கால் தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படலாம்.

அவர் செய்வது மிக எளிய பணி. மண் தோண்டும் இயந்திரத்தின் பல் வைத்த வாளிக்குப் பதிலாகப் பல் இல்லாத அகன்ற வாளியைப் பொருத்தச் சொல்வார். மண்ணை மெல்லிய படலமாக வழித்தெடுக்கும்போது தரையில் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். மாறினால் கையை உயர்த்தி நிறுத்துவார். கரண்டியால் சுத்தம் செய்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுப்பார்; ஆழத்தை அளப்பார்; பள்ளத்தின் பக்கச்சுவரில் தெரியும் அடுக்குகளை வரைவார்; கிடைத்த ஓடுகளை அடுக்கு எண் இட்ட பையில் போடுவார். பெரும்பாலான இடங்களில் சில மணி நேரத்தில் வேலை தொடரும். எதுவுமே கிடைக்காவிட்டாலும் அதனை அறிக்கையாக எழுதி வட்டாரப் பதிவேட்டில் சேர்ப்பார். இங்கு ஒன்றும் இல்லை என்பதும் ஒரு செய்தியே. பழைய ஊரின் எல்லை எதுவரை என்பதை அச்செய்தியே சொல்லும்.

நம் கரிசலில் இந்தக் கண்ணுக்கு வேலை இன்னும் கடினம். கோடையில் மண் வெடிக்கும்போது மேலே கிடக்கும் சிறு மணியும் நாணயமும் பிளவு வழியே கீழே விழுந்துவிடும். மழை பெய்ததும் பிளவு மூடிக்கொள்ளும். ஆகவே ஆழத்தில் கிடந்தது என்பதாலேயே ஒன்று பழமையானது ஆகிவிடாது. எந்தப் பொருள் தன் அடுக்கில் கிடக்கிறது, எது தவறி விழுந்தது என்பதை அந்தப் பள்ளம் திறந்திருக்கும்போதே பார்த்தால்தான் தெரியும். பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னர் ஒருவரிடம் காட்டினால் எவராலும் சொல்ல இயலாது.

சட்டமும் அச்சமும்

நம் நாட்டில் காக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சூழ்ந்த நிலத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்திய அரசு காக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்டது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இந்த வளையத்துக்கு வெளியே உள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களின் புன்செய் மனைக்கு, கடைக்கால் பள்ளத்தைத் தொல்லியலாளர் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்குப் பொருந்துவது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைக் கடந்ததாயின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எங்கு, எப்போது கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும்.

மக்கள் இச்சட்டத்தை அஞ்சுகின்றனர். சொன்னால் வேலை நின்றுவிடும், நிலம் போய்விடும், வழக்கு வரும் என்ற பேச்சு ஊர்தோறும் உண்டு. இந்த அச்சத்தை ஏளனம் செய்யலாகாது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் வீடு கட்டுபவனுக்கு ஒரு வாரத் தாமதமும் பெரும் சுமையே. ஆயினும் சட்டம் சொல்வது என்ன என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உரிமையாளர் எவரும் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டு என்றே அது கூறுகிறது. கண்டெடுத்தவரும் நிலத்துக்கு உரியவரும் வெவ்வேறானவராயிருந்து, அவர்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் எஞ்சியது நிலத்துக்கு உரியவருக்கும் சேரும். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். மண்வெட்டி பிடித்த கூலியாளும் இங்கே கண்டெடுத்தவர் ஆகலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் பறிபோகும். ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. 1878இன் சட்டம் பொருளை ரூபாயில் அளக்கிறது. ஒரு கறுப்பு சிவப்புப் பானை ஓட்டுக்கும், சாம்பல் படிந்த தரைக்கும், சங்கு வளையல் துண்டுக்கும் சந்தையில் விலை ஏது? பொன்னைக் காக்கும் சட்டம் இருக்கிறது. அடுக்கைக் காக்கும் வழக்கம் இல்லை. பட்டாசு ஆலையில் ஒரு சிறு கட்டடம் எழுப்புவதற்கும் இடைவெளி அளந்து, வரைபடம் காட்டி, உரிமம் பெற வேண்டும் என்பதை இப்பகுதி மக்கள் நன்கு அறிவர். உயிரைக் காக்க அந்த ஒழுங்கு தேவைப்படுகிறது. நினைவைக் காக்க அதில் நூறில் ஒரு பங்கு ஒழுங்கேனும் வேண்டாமா?

நம்மால் ஆவது

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு கட்டும் குடும்பத்தில் ஒருவர் வானம் தோண்டும் நாளில் அருகில் இருந்தாலே போதும். கரிசலுக்கிடையே சாம்பல் நிறமோ சிவந்த மண்ணோ திட்டாகத் தெரிந்தாலும், வட்டமான தாழியின் விளிம்பு தலைகாட்டினாலும், இன்றைய அளவுக்குப் பொருந்தாத பெரிய செங்கல் தென்பட்டாலும், இரும்புக் கசடும் சங்குத் துண்டும் கலந்து வந்தாலும், அந்த இடத்தில் மட்டும் தோண்டுவதை நிறுத்தலாம். மற்ற பக்கத்தில் வேலை நடக்கலாம். பொருளைப் பிடுங்காமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, தரை மட்டத்திலிருந்து ஆழத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலர் வாயிலாகவோ நேராகவோ தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. 1547இல் பரங்கிமலையில் நின்றவர்களுக்கும் வாய்க்காத கருவி நம் சட்டைப் பையில் இருக்கிறது.

நம் பங்குகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிய ஆலயம் எழுப்பும் ஊர்கள் பல. 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபின் பரவிய மறைபரப்புப் பணியில், வீரமாமுனிவர் வாழ்ந்த காமநாயக்கன்பட்டி முதலாகப் பல ஊர்களில் எழுந்த தொடக்கக்காலக் கோவில்களுள் பல மண்சுவரும் கூரையுமானவை. அவை கல்வெட்டு எதையும் விட்டுச் செல்லவில்லை. அவற்றின் சுவடு எஞ்சியிருக்குமாயின், அது தூண் நட்ட குழியின் நிறமாகவோ மிதித்து இறுகிய தரையாகவோ மட்டுமே இருக்கும். இயந்திரம் அரை மணி நேரத்தில் அதனை அள்ளி லாரியில் ஏற்றிவிடும். நம் முன்னோர் முழந்தாளிட்ட தரை அது என்பது லாரிக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவருக்காவது தெரிய வேண்டும். அடிக்கல் மந்திரிக்கும் சடங்கோடு, பங்குப் பேரவை ஆசிரியர் ஒருவரையோ வரலாறு படித்த இளைஞர் ஒருவரையோ அந்தப் பள்ளத்துக்குக் காவலாக நியமிக்குமாயின் அதற்குச் செலவு எதுவும் இல்லை.

நிலத்தில் மறைந்திருந்த புதையலைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். அதனைக் கண்டவன் தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்கினான். அவன் புதையலை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அது கிடந்த நிலத்தையே தனதாக்கிக்கொண்டான். கரிசல் மண்ணில் கடைக்கால் தோண்டும் நமக்கும் இரண்டும் ஒன்றாகவே தரப்பட்டிருக்கின்றன. நாம் எழுப்பும் வீட்டில் நம் பிள்ளைகள் வாழ்வார்கள். அதே இடத்தில் நமக்குமுன் அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, இறந்தோரைத் தாழியில் இட்டு வணங்கிய குடும்பங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சொல்லும் ஏடு ஒரே ஒரு படிதான்; அது ஒரே ஒருமுறைதான் திறக்கிறது. திறக்கும் நாளில் கலவை கொட்டுமுன் ஒரு பொழுது நின்று பார்த்தால், நம் வீடு அவர்களுடைய சுவடுகளை அழித்ததாக அன்றி, அவர்களைத் தொடர்ந்து நிற்பதாக அமையும்.